கட்டுப்பாடான கற்பனைச் சமூகங்களில் நடக்கும் கிறிஸ்தவ இளையோர் நாவல்கள் மற்ற டிஸ்டோபியக் கதைகளிலிருந்து (கொடுமையான எதிர்காலத்தைக் காட்டும் கதைகள்) எப்படி வேறுபடுகின்றன?

அரசாங்கம் எல்லாவற்றையும் கண்காணிக்கும், ஒரு பிள்ளை எதிர்த்து நிற்கும். இது இரண்டிலும் பொது. ஆனால் மற்ற கதைகளில் கேள்வி 'எப்படித் தப்பிப்பது?' என்பது. கிறிஸ்தவக் கதைகளில் 'யாருக்குக் கீழ்ப்படிவது?' என்பதும் கூடவே வரும்.

ஈவன் ஆங்லரின் 'ஸ்வைப்' (2012) நாவலைப் பாருங்கள். அங்கே 13 வயதானதும் மணிக்கட்டில் முத்திரை குத்திக்கொள்ளலாம். கட்டாயமில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் கடையில் எதுவும் வாங்க முடியாது, வேலையும் கிடைக்காது. கதாநாயகன் லோகனின் அக்கா முத்திரை வாங்கப் போனவள் திரும்பவே இல்லை. இப்போது அவன் முறை நெருங்குகிறது. வேதாகமம் படித்தவர்களுக்கு உடனே அதன் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ஆம் அதிகாரம் ஞாபகம் வரும்: முத்திரை இல்லாதவன் 'கொள்ளவும் விற்கவுங்கூடாது'. பழைய வசனத்தை ஒரு பையனின் மணிக்கட்டில் கொண்டுவந்து வைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கிறிஸ்டா மெகீயின் 'அனாமலி' (2013) வேறு வழியில் போகிறது. உணர்ச்சிகளை நீக்கி உருவாக்கப்பட்ட சமூகத்தில் தாலி (Thalli) என்ற பெண்ணுக்கு உணர்ச்சி இருக்கிறது. ஒரு முதியவர் மூலம் கடவுளைப் பற்றிக் கேள்விப்படுகிறாள்.

சரி, பலவீனம்? சில நாவல்களில் பாத்திரங்கள் திடீரென்று பிரசங்கம் செய்கிறார்கள். பிரசங்கத்தைவிடத் துணிவுதான் மனதில் நிற்கும். வேதாகமத்தில் தானியேல் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில், ராஜா வைத்த சிலையை வணங்காவிட்டால் நெருப்புச் சூளையில் போடுவார்கள் என்ற நிலையில் மூன்று வாலிபர்கள் நின்று, தேவன் 'விடுவிக்காமற்போனாலும்' சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். அந்த 'போனாலும்' என்ற துணிவு இருக்கும் கதைகளையே தேடிப் படியுங்கள்.