இடியப்பம் பிழிகிற கையும் படம் கீறுகிற கையும்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு வயது 43. பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஆறு வருடமாக ருமற்றொயிட் ஆத்திரைட்டிஸ் என்கிற முடக்குவாதம். கிளினிக்கில் தருகிற மருந்தை ஒழுங்காக எடுக்கிறேன். காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு விரல்கள் மடங்காது. கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணர், எங்கள் பழைய நாற்சார் வீட்டைப் பெரிதாகக் கீறித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். போன மாதம் கை நன்றாக இருந்த ஒரு சனிக்கிழமை, காலையில் இருந்து இரவு வரை கலர் பென்சிலால் கூரையைக் கீறினேன். பிறகு பத்து நாள் பேனை பிடிக்க முடியவில்லை. கீறுவதால் மூட்டு இன்னும் பழுதாகுமா? விட்டுவிடவா? வீட்டிலோ 'படம் கீற ஏலுமெண்டால் ஏன் தேங்காய் திருவ ஏலாது' என்று கேட்கிறார்கள். கைக்குப் போடுகிற ஸ்பிளின்றோடு கீறலாமா?"

விட வேண்டாம் தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகப் படிக்கலாம்.

முடக்குவாதத்தில் மூட்டை வீங்க வைப்பது உங்கள் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதிதான். படம் கீறியதால் இந்த வருத்தம் வரவில்லை, நிறுத்தினாலும் போகாது. கையைச் சும்மா வைத்திருப்பதால் நன்மை வரும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். கைச் சிகிச்சை வேலைக்கு வந்த புதிதில், பெட்டி இழைத்துப் பிழைத்த ஒரு அம்மாவிடம் "ஒரு மாதம் ஓலையே தொடாதையுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. ஆனால் விரல்கள் முன்னரை விட இறுகிப் போயிருந்தன, அந்த மாத வருமானமும் போயிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனாலேயே இன்னும் மறக்கவில்லை. பிரித்தானியாவில் முடக்குவாதக்காரர் 490 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. கைக்கு ஒழுங்கான பயிற்சி கொடுத்தவர்களின் கை, ஒரு வருடத்துக்குப் பிறகும் மற்றவர்களுடையதை விட நன்றாக வேலை செய்தது. சூடாக, சிவந்து வீங்கியிருக்கிற மூட்டுக்கு ஓய்வு வேண்டும், அது வேறு. மற்ற நாட்களில் கைக்கு அசைவு வேண்டும்.

அப்படியென்றால் அந்தப் பத்து நாள் ஏன் வந்தது? அந்தச் சனிக்கிழமையால்தான். இந்த வருத்தத்தில் ஆபத்தான நாள் கை நோகிற நாள் என்று எல்லோரும் நினைப்பார்கள். நோகிற நாளில் நீங்களாகவே கவனமாக இருப்பீர்கள். நோகாத நாளில்தான் "இண்டைக்கு விட்டால் இனி எப்ப" என்று பத்து மணித்தியாலம் இருந்துவிடுவீர்கள். நோவு கீறும்போது வராது, பிறகுதான் வரும், சிலவேளை அடுத்த நாள் விடியத்தான். நோ வரட்டும், நிறுத்துவோம் என்று காத்திருந்தால் எப்போதும் பிந்தித்தான் நிறுத்துவீர்கள்.

ஆகவே மணிக்கூடு பார்த்து நிறுத்துங்கள். ஃபோனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் தூரிகையை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கையை விரித்து மூடி, எழும்பி முற்றத்தில் நடந்துவிட்டு வாருங்கள். திரும்ப ஒரு 20 நிமிடம். அவ்வளவுதான் அன்றைக்கு. கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டு கிழமைக்கு இதற்கு மேல் போக வேண்டாம். பாதிக் கோட்டில் எழும்புவது எரிச்சலாகத்தான் இருக்கும், சித்திரம் கீறுகிறவர்களுக்கு அது இரட்டிப்பு எரிச்சல். பிறகு சுற்றுக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். அளவு சரியா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: வேலை முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் வழக்கத்தை விடக் கூடுதலாக நோகிறது என்றால் அது கூடிவிட்டது, அடுத்த முறை குறைக்க வேண்டும். நேரமும் முக்கியம். விடிய எழும்பிக் கீறாதீர்கள், முக்கியமாக மார்கழி, தைப் பனிக்காலத்தில். இளஞ்சூட்டு நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்திருந்து, விரல் மடங்கத் தொடங்கிய பிறகு, விறாந்தையில் வெளிச்சம் நல்லாக இருக்கும் பத்து மணியளவில் இருங்கள். பாடசாலை நாட்களில் பின்னேரம்.

இனி வீட்டுக்காரரின் கேள்வி. அது குத்தலாகக் கேட்கப்பட்டாலும் உண்மையில் நல்ல கேள்வி. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒன்றைக் கிள்ளிப் பிடிக்கும்போது, விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் என்றால் பெருவிரலின் அடிமூட்டில் அது பத்துக் கிலோவையும் தாண்டும். நன்றாகத் தண்ணீர் விட்ட வர்ணத்தில் தூரிகை ஓட்டுவதற்குக் கிராம் கணக்கில்தான் அழுத்தம் வேண்டும். தேங்காய்ப் பாதியைத் திருவலையில் வைத்து அழுத்தித் திருப்பும் வேலையும், இடியப்ப உரலை இரண்டு கையாலும் பிழியும் வேலையும் அப்படியில்லை. முடக்குவாதக் கைக்கு எங்கள் குசினியில் இடியப்ப உரலை விடக் கெட்ட சாமான் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். மா கொஞ்சம் இறுகிவிட்டால் பிழிகிறவரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதேநேரம் இரண்டுக்கும் ஒரே கைதான், ஒரே கணக்கில் இருந்துதான் எடுக்க வேண்டும். கடிதத்தில் கீறியதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் இடியப்பம் பிழிந்தீர்களா, துவாய் முறுக்கிப் பிழிந்தீர்களா, பின்னேரம் பிள்ளைகளின் கொப்பி திருத்தினீர்களா? ஒரு கிழமைக்குக் கை செய்யும் எல்லா வேலையையும் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். கலைதான் கையைக் களைக்க வைக்கிறது என்று வருகிறவர்களில் பலருடைய கொப்பியில், கலை ஒரு மூலையில்தான் இருக்கும். பிறகு எதை யாரிடம் கொடுக்கலாம் என்று வீட்டில் இருந்து பேசலாம். இடியப்பத்தைக் கடையில் வாங்கலாம். வாங்கினால் குடும்ப மானம் போகாது. தேங்காய்க்கு மின்சாரத் திருவல் இருக்கிறது. துணியை முறுக்காமல் அப்படியே கொடியில் போட்டால் காய ஒரு மணித்தியாலம் கூடச் செல்லும், அவ்வளவுதான்.

உங்களை உண்மையில் விழுத்தியது கலர் பென்சிலும் கூரை ஓடுகளும்தான். நாற்சார் வீட்டுக் கூரையில் நூற்றுக்கணக்கில் ஓடு இருக்கும். கலர் பென்சிலில் நிறம் ஏற வேண்டுமென்றால் அழுத்தித் தேய்க்க வேண்டும், ஒவ்வோர் ஓட்டுக்கும் அதே சிறிய அசைவு, அதே கிள்ளுப் பிடி. நீர்வர்ணத்துக்கு மாறுங்கள். கூரையை இப்படிச் செய்து பாருங்கள்: காகிதத்தைச் சாய்வான பலகையில் ஒட்டி, அகலத் தூரிகையால் கூரைப் பகுதி முழுவதும் செம்மண் நிறத்தை ஒரே பூச்சாகப் பூசுங்கள். அங்கங்கே கொஞ்சம் நீலம் கலந்து விட்டால் பாசி பிடித்த ஓடு தானாக வரும். பளபளப்புப் போய், ஆனால் இன்னும் ஈரமாக இருக்கும்போது, பழைய ரீலோட் காட் ஒன்றின் விளிம்பால் மேலிருந்து கீழே இழுத்தால் ஓட்டு வரிசை வெளிறின கோடாக விழும். காய்ந்த பிறகு முன்மூலையில் மட்டும் இருபது ஓட்டைத் தெளிவாகக் கீறுங்கள். மிச்ச ஓட்டைப் பார்க்கிறவரின் கண் போட்டுக்கொள்ளும். இதில் அசைவு தோளில் இருந்தும் முழங்கையில் இருந்தும் வரும், விரலுக்கு வேலை குறைவு. கரித்துண்டும் இதேபோல நல்லது. பென்சிலே வேண்டுமென்றால் 6பி மாதிரி மென்மையானதை எடுங்கள்.

தூரிகையின் பிடியையும் தடிப்பாக்க வேண்டும். மெல்லிய பிடியை விழாமல் வைத்திருக்கவே விரல் இறுகும். ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பொஞ் ஹாட்வெயார்க் கடையில் முழக் கணக்கில் கிடைக்கும். அதில் ஒரு சாண் வெட்டிச் செருகினால் போதும். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றுங்கள். ஒரு கதலி வாழைப்பழத் தடிப்பு பெரும்பாலான கைக்குச் சரியாக வரும். அதற்கு மேல் போனால் கை விரிந்து நோகும். வர்ண ரியூப்பின் மூடியைத் திருகித் திறப்பது இன்னொரு வில்லங்கம். மகளிடமோ மாணவியிடமோ சொல்லிக் கிழமைக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் சிறு டப்பிகளில் பிதுக்கி வையுங்கள்.

உதவி வாங்கினால் அது என் படமா என்று யோசிப்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு உங்களுக்கு இருக்கிற அதே வருத்தம், ஐம்பது வயதளவில் தொடங்கியது. கடைசி வருடங்களில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் போயிருந்தன. தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு கீறினார் என்று ஒரு கதை உலாவுகிறது, அது சரியில்லை. கையில் சுற்றியிருந்த துணி தோல் புண்ணாகாமல் இருப்பதற்கு. தூரிகையை இன்னொருவர் அவர் பிடிக்குள் வைத்துவிடுவார். படம் கீறுகிற, கைக்கு எட்டாத பெரிய கன்வஸ் துணியை உருளையில் பூட்டி, தேவையான பகுதியைத் தன் முன்னால் சுற்றி எடுத்து, கதிரையில் இருந்தபடியே கீறினார். 1919 இல் சாகும் வரைக்கும் கீறினார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941 இல் பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்துகொண்டு, உதவியாளர்கள் வர்ணம் பூசிக் கொடுத்த காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் படம் செய்தார். அவை யாருடைய படம் என்று இன்றைக்கு ஒருவரும் கேட்பதில்லை.

ரெனுவாரின் உருளை உங்கள் அண்ணரின் படத்துக்கும் உதவும். பெரிய ஒரே படமாக ஏன் கீற வேண்டும்? நாற்சார் வீட்டுக்கு நான்கு சார்ப்பு. நாலு சிறிய தாளில் நாலு பக்கத்தையும் கீறுங்கள், நடுமுற்றம் ஒவ்வொன்றிலும் வரட்டும். சட்டம் போட்டுச் சேர்த்து மாட்டினால் சுவரில் பெரிய படமாகவே நிற்கும். ஒன்று முடிந்ததும் கையை ஒரு கிழமை விடலாம், அரைகுறைப் படம் ஒன்று மூலையில் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்காது. அண்ணரிடம் நீங்கள் நினைக்கிற காலத்தைப் போல இரண்டு மடங்கு கேளுங்கள். வருத்தத்தின் சரித்திரம் முழுவதையும் சொல்லத் தேவையில்லை, "நான் மெதுவாகத்தான் கீறுவன்" என்றால் போதும். முன்பணமும் வாங்குங்கள். சொந்தக்காரர் என்றாலும் வர்ணம் ஓசியில் வருவதில்லை.

கை முற்றாக ஏலாத நாளில் பழைய போட்டோக்களைப் பார்த்து எந்தத் தூணில் வெளிச்சம் விழுந்தது, கதவுக்கு என்ன நிறம் என்று ஃபோனில் பேசிப் பதிந்து வையுங்கள். அதுவும் படத்தின் வேலைதான்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. மெதோட்ரெக்சேற் எடுப்பவரானால் அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற மருந்து, தவறி நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எடுத்த அடுத்த நாள் சிலருக்குக் குமட்டலும் களைப்பும் இருக்கும். அந்த நாள் உங்கள் கீறும் நாளில் விழுகிறதென்றால் கிழமையை மாற்றலாமா என்று டொக்டரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்றால் வருடக்கணக்கில் எடுக்கும்போது விழித்திரையை அரிதாகப் பாதிக்கலாம். கண்ணால் பிழைக்கிற நீங்கள் கண் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள், மணிக்கட்டில் நரம்பு நெரிபடலாம். சின்னவிரலோ மோதிரவிரலோ திடீரென்று நிமிர மறுத்தால் கிளினிக் நாள் வரும் வரை இருக்காதீர்கள். தசைநாண் அறுந்திருக்கலாம், நாள் போகப் போகச் சரிசெய்வது கடினம்.

கடைசியாக ஸ்பிளின்ற். மணிக்கட்டைத் தாங்குகிற ஸ்பிளின்றை வாளி தூக்கும்போதும் சமைக்கும்போதும் தாராளமாகப் போடுங்கள். கீறும்போது போடுவது ஆளைப் பொறுத்தது. மணிக்கட்டு அசையாததால் தோளால் கீறப் பழகிச் சந்தோசப்படுகிறவர்களும் உண்டு, பிடியே வரவில்லை என்று கழற்றி எறிகிறவர்களும் உண்டு. ஸ்பிளின்றுக்கு அளவெடுக்கப் போகும்போது, ஸ்பொஞ் சுற்றிய தூரிகையையும் கையோடு கொண்டு போங்கள். வெறுங்கையில் அளந்து செய்தது, தூரிகை பிடித்ததும் பெருவிரல் அடியில் இடிக்கும்.