கரீனினின் காதுகள்

கேள்வி: கல்லூரி நாளில் படித்த டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வை இந்த மழைக்கு மறுபடி எடுத்தேன். அன்று அழுதவள், இன்று எரிச்சலோடு பக்கம் தள்ளுகிறேன். கவர்ச்சியான ஒரு பெண்ணின் காதல் விவகாரத்துக்கு இத்தனை பக்கமா? நடுவே புல் அறுப்பு வேறு. மாறியது நாவலா, நானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மணி, முதலில் அந்தக் 'கவர்ச்சி'யைக் கீழே இறக்கி வையுங்கள். சினிமாப் பக்கக்காரர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போய் முழங்காலுக்கு மேலே குடிவைத்து ரொம்ப காலம் ஆகிறது. 'கவர்ச்சிப் படம்' என்றால் என்ன படம் என்று குன்னூர் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வள்ளுவருக்குத்தான் தெரியாது. 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்கிறார். அங்கே கவர்வது காயை. சீர்காழிக் குளக்கரையில் குழந்தை சம்பந்தர் 'உள்ளங்கவர் கள்வன்' என்றதும் திருட்டுக் கணக்குத்தான். ஆக, கவர்ந்தவர் கையில் அடுத்தவர் பொருள் இருக்க வேண்டும்.

அன்னா கையில் இருந்தது. நடன விருந்துக்கு அவள் இளம் ஊதாவில்தான் வருவாள் என்று கிட்டி என்கிற இளம்பெண் நினைத்திருக்க, வந்து நிற்கிறாள் கறுப்பு வெல்வெட்டில். உடை அவளுக்கு வெறும் படச்சட்டம் என்பது பார்த்த மாத்திரத்தில் கிட்டிக்குப் புரிகிறது. விருந்து முடிவதற்குள், தனக்கென்று கிட்டி நினைத்திருந்த வ்ரான்ஸ்கி அன்னா பக்கம் போய்விட்டான். நம் நிருபர் யாராவது போயிருந்தால் வெல்வெட்டைப் பற்றி எழுதியிருப்பார். டால்ஸ்டாய் கிட்டியை நிறுத்திவைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

அப்புறம் ரயில். வெளியே பனிப்புயல். அன்னா ஆங்கில நாவல் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறாள், கையில் பக்கம் வெட்டும் கத்தி. கதையில் வருகிறவர்கள் செய்வதையெல்லாம் தானே செய்துவிட வேண்டும் போலிருக்கிறது, படிப்பு ஓடவில்லை. கத்தியை ஜன்னல் கண்ணாடியில் இழைத்து, அந்தச் சில்லிப்பைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறாள். வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே வ்ரான்ஸ்கி.

நம்ம மேட்டுப்பாளையம் வண்டியில் இது நடக்காது. 46 கிலோமீட்டர் ஏற அதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேண்டும். கல்லாறு தாண்டினால் தண்டவாள நடுவில் பல்சட்டம், 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பின்னாலிருந்து எஞ்சின் முக்கி முக்கித் தள்ளும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது வ்ரான்ஸ்கி பக்கத்தில் வந்து, 'நீங்கள் இருக்கும் இடத்தில்...' என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு குரங்கு அன்னா கையிலிருந்த வடையோடு மரமேறியிருக்கும். வள்ளுவர் சொன்ன கவர்ச்சி அது. குன்னூரில் எஞ்சின் மாற்றுகிற நேரத்தில் அவன் மறுபடி வாயெடுப்பான். ஒரு புதுமணத் தம்பதி, 'சார், ஒரு போட்டோ' என்று போனைக் கையில் திணிக்கும். ஊட்டி வந்து சேரும்போது அன்னாவுக்கு அவசரத் தேவை காதலல்ல, கழிப்பறை.

அங்கே பீட்டர்ஸ்பர்க்கில் இறங்கியதும் அவள் கண்ணில் முதலில் படுவது புருஷனின் காதுகள். ஐயோ, இவருக்குக் காது ஏன் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறாள். எட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய காது! சம்பந்தர் 'தோடுடைய செவியன்' என்று காதில் தொடங்கித்தான் கள்வனுக்கு வருகிறார். இவள் கள்வனைப் பார்த்துவிட்டுக் காதுக்கு வருகிறாள். மாறியது நாவலா, நீங்களா என்பதை நீங்கள் கரீனினின் காதைத்தான் கேட்க வேண்டும்.

இனி, 'இத்தனை பக்கமா'. 1875 முதல் 'ரஷ்யத் தூதன்' இதழில் வந்த தொடர் இது. 1877-இல் எட்டாம் பாகம் வந்தபோது, செர்பியப் போருக்குப் புறப்பட்ட தொண்டர்களை டால்ஸ்டாய் எழுதிய விதம் ஆசிரியர் கட்கோவுக்குப் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார், இவர் முடியாது என்றார். நாயகி செத்ததோடு கதை முடிந்த மாதிரிதான் என்று ஒரு குறிப்பைப் போட்டு, மிச்சத்தைச் சில வரியில் சொல்லிக் கடையைக் கட்டிவிட்டார் கட்கோவ். எட்டாம் பாகம் தனிப் புத்தகமாக வந்தது.

கட்கோவைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் தொடர் ஒன்றில் கதாநாயகி டீ எஸ்டேட் மேனேஜரைக் கட்டிக்கொண்ட பிறகும் எழுத்தாளர் இலை வாட்டுவதைப் பற்றி ஒன்பது வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கோ தீபாவளி விளம்பரத்துக்கு இடம் வேண்டும். 'இருவரும் இனிதே வாழ்ந்தனர். முற்றும்' என்று நானே எழுதி அச்சுக்கு அனுப்பினேன். இன்றைக்கும் ஊட்டி சேரிங் கிராஸில் என்னைக் கண்டால் அவர் வர்க்கி கடைக்குள் புகுந்துகொள்கிறார். வாங்குவதில்லை, நிற்கிறார்.

போன வருஷம் பீரோவை ஒழித்தபோது அந்த ஒன்பது வாரமும் கையில் அகப்பட்டது. விடியாத நேரம், டீ ஃபாக்டரியில் இலைப் பதம் பார்க்கிற டீ மேக்கர் வாடிய இலையில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருட்டுகிறார். கையை விரித்ததும் உருண்டை குலைகிறதா, நிற்கிறதா என்று பார்க்கிறார். ஒரு வாரம் முழுக்க இவ்வளவுதான். கல்யாணத்தைவிட நன்றாக இருந்தது.

புல் அறுப்பென்று சலித்துக்கொண்டீர்கள். கிழவர் தகர அகப்பையில் மொண்டு நீட்டுகிற ஆற்றுத் தண்ணீரை, குடியானவர்களோடு சேர்ந்து புல் அறுக்கிற பண்ணைக்காரன் லெவின் குடிக்கிறான்: வெதுவெதுப்பு, மேலே பச்சைத் துணுக்கு, தகரத்தின் துரு வாடை. இத்தனை ருசியாக எதையுமே குடித்ததில்லை என்கிறான். அந்த இடத்தைத் தள்ளியிருந்தால் திரும்பிப் போங்கள். உங்கள் பிரதியில் எட்டாம் பாகம் இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.

அந்த ஒன்பது வாரத்தைப் போடட்டுமா என்று நண்பரிடம் கேட்க வேண்டும். வர்க்கி கடை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.