உடைஞ்சு போச்சா, உடைச்சியா?

வகுப்பறைக் கேள்வி – பதில்

கேள்வி: தரம் 5 பிள்ளைகளை, மன்னிப்புக் கேட்டு ஒரு கவிதை எழுதச் சொன்னேன். 38 பேரில் பாதிப்பேர் ‘மன்னிப்பு – சிரிப்பு – இனிப்பு’ என்று முடித்திருக்கிறார்கள். எங்கே பிழைத்தது?
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: முதலாவது பிழை ஓசையில். ஒத்த ஒலிக்குச் சொல் தேடத் தொடங்கிய பிள்ளை, செய்த தவறை மறந்துவிடும். முதல் வரைவுக்கு எதுகையும் இயைபும் வேண்டாம் என்று கரும்பலகையிலேயே எழுதிவிடுங்கள்.

பெரிய பிழை வினைச்சொல்லில். தப்பித்துக்கொள்ளத் தமிழ் நல்ல வசதி செய்து தந்திருக்கிறது: ‘கண்ணாடி உடைஞ்சு போச்சு’, ‘கொப்பி கிழிஞ்சிட்டுது’. உடைத்த ஆள் வாக்கியத்திலேயே இல்லை. (பெரியவர்கள் இதில் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்கள் அல்லர்.) ஆகவே எழுதுவதற்கு முன் 10 நிமிடம் சோடிச் சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: உடைந்தது – உடைத்தேன், கிழிந்தது – கிழித்தேன், தொலைந்தது – தொலைத்தேன், முறிந்தது – முறித்தேன். கவிதையில் இரண்டாவது வகைச் சொல் ஒன்றாவது வரவேண்டும். ‘நான்’ என்று எழுதத் தேவையில்லை. ‘ஏன்’ விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

மாதிரிக்கு ஒன்று:

அண்ணா, உன் கவராயத்தைக்
கேட்காமல் எடுத்தேன்.
கதவு நிலையில் என் பெயர் கீறினேன்.
முனையை முறித்தேன்.
முறியாததுபோலப் பெட்டியில் வைத்தேன்.
நாளைக்கு உனக்குக் கணிதச் சோதனை என்று
அப்போதே எனக்குத் தெரியும்.

இதை இரண்டு தரம் வாசித்துக் காட்டி, ‘மன்னிப்பு’ என்ற சொல் எங்கே என்று கேளுங்கள். தேடித் தோற்பார்கள். பிறகு 15 நிமிடத்தில் 6 முதல் 8 வரி. யாருக்கு, எந்தப் பொருளை, எந்த இடத்தில், அதனால் மற்றவருக்கு என்ன ஆனது – இவை இருந்தால் போதும். ‘ஆனால்’ வந்தால் அழிக்கச் சொல்ல வேண்டாம். கீழே கோடு போடச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் ‘நீதானே முதல்ல…’ என்ற சாட்டு. ‘உன் மனம் நொந்திருந்தால்’ என்பதும் அதே இனம்தான். நொந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

முதல் சுற்றில் வகுப்புச் சண்டைகள் வேண்டாம். மழையில் மறந்துவிட்ட குடை, கல்லெறிந்த நாய், தண்ணீர் ஊற்றாத பூச்சட்டி போன்றவற்றிடம் கேட்கட்டும். இன்னொன்று: பல பிள்ளைகள் இரண்டாம் வரியிலேயே ஆளை விட்டுவிட்டு ஆண்டவரிடம் போய்விடுவார்கள். அது பிரார்த்தனை. கவிதை அண்ணாவிடமே பேசவேண்டும்.

கேள்வி: மன்னிப்புக்குப் பதிலாக ‘சொறி’ (sorry) என்றே எழுதுகிறார்கள். தடுக்கவா?
– பெற்றோர், தெமட்டகொடை

பதில்: வேண்டாம். அவர்கள் வாயில் இருக்கும் சொல் அது. ஒரு கவிதையில் ஒரு தரம் வரலாம். மூன்று தரம் வந்தால், சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: பிளம்ஸ் பழம் பற்றிய ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்கி மாதிரியாகக் கொடுக்கலாமா?
– ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1934இல் வெளியிட்ட 12 வரிக் கவிதையைச் சொல்கிறீர்கள். குளிர்பெட்டியில் மற்றவர் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பழத்தைத் தின்றவர் மன்னிப்பும் கேட்டு, இனிப்பாகவும் குளிராகவும் இருந்தது என்று ருசியும் சொல்லிக்காட்டுகிறார். அந்தக் குறும்புதான் கவிதை. தரம் 5க்கு இதை முதலில் கொடுத்தால் குறும்பை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். தரம் 8, 9க்குக் கொடுத்து, ‘இது மன்னிப்பா, சீண்டலா?’ என்று வாதிட விடுங்கள். பிளம்ஸ் தெரியாத பிள்ளைக்கு மல்வானை றம்புட்டான் போதும்.

கேள்வி: மன்னிப்புக் கவிதைக்கு எழுதும் பதில் கவிதையில் ஒரு பிள்ளை ‘மன்னிக்க மாட்டேன்’ என்று எழுதினால்?
– ஆசிரியை, மருதானை

பதில்: எழுதட்டும். கையைப் பிடித்துச் சேர்த்துவைத்து ‘இனி நண்பர்கள்’ என்று முடிப்பது ஆசிரியரின் அவசரம். ‘மன்னித்தேன்’, ‘இன்னும் இல்லை’, ‘மறந்தே போனேன்’, ‘நானும் ஒன்று செய்தேன்’ என்று நான்கு வாசலையும் திறந்துவைத்து, 4 வரி கேளுங்கள். முதல் முறை அண்ணாவுக்குப் பதிலாகக் கவராயமே பேசட்டும், பயம் குறையும். ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ குறளைச் சுவரில் ஒட்டியிருந்தால், ‘அவர்நாண’ என்ற சொல்லில் கவனம். எதிராளியை வெட்கப்படுத்தும் தந்திரமாகத்தான் சின்னப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொள்வார்கள்.

தொடர்ந்து அடிவாங்கும் பிள்ளையை, அடிப்பவருக்கு மன்னிப்புக் கவிதை எழுதவைக்கவே கூடாது. அது அதிபரிடம் போகவேண்டிய விடயம். சில பிள்ளைகள் ‘அப்பா அடிச்சது என்ர பிழை’ என்று எழுதுவதும் உண்டு. அந்தத் தாளை வாசித்துக் காட்டாதீர்கள், சுவரில் போடாதீர்கள். பிள்ளையோடு தனியே பேசி, அதிபருக்கு அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

கேள்வி: புள்ளி போடலாமா?
– ஆசிரியர், பம்பலப்பிட்டி

பதில்: போடவேண்டாம். போட்டால் அடுத்த முறை பெரிய தவறாகக் கற்பனை செய்து எழுதுவார்கள். எழுத்துப் பிழையைக்கூட, காட்சிக்கு வைக்கப் பிள்ளை சம்மதித்த கவிதைகளில் மட்டும் திருத்துங்கள்.