சட்டம்: கேள்வி – பதில்

? வழக்கில் தண்டனை பெற்ற எம்.எல்.ஏ. பற்றி, ‘தண்டனை நிறுத்தம், பதவி தப்பியது’ என்கிறது ஒரு சேனல். ‘பதவி போச்சு’ என்கிறது எதிர்க்கட்சி சேனல். எதை நம்புவது?
– வாசகர், மதுரை

! எந்த உத்தரவுக்குத் தடை என்று பாருங்கள். மேல்முறையீட்டில் சிறைத் தண்டனையை மட்டும் நிறுத்தி வைத்தால் ஜாமீன் கிடைக்கும்; பதவி கிடைக்காது. ‘குற்றவாளி’ என்ற தீர்ப்புக்கே தடை வாங்க வேண்டும். 2023 மார்ச் 23-ல் ராகுல் காந்திக்கு 2 ஆண்டு தண்டனை விதித்த சூரத் நீதிமன்றம், அன்றே அதை 30 நாள் நிறுத்தியும் வைத்தது. ஆனாலும் மறுநாளே எம்.பி. பதவி பறிபோனது. ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை விதித்த பிறகுதான், 7-ம் தேதி திரும்பக் கிடைத்தது. முன்பு, பதவியில் இருப்பவர் மேல்முறையீடு செய்ய 3 மாத அவகாசம் இருந்தது; அதுவரை பதவி போகாது. 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் அபராதம் மட்டும் விதித்தாலே தகுதி போய்விடும். இதைப் பல சேனல்கள் சொல்வதே இல்லை.

? ‘குற்றப்பத்திரிகை தாக்கல்’ என்றால் குற்றம் உறுதியா?
– வாசகி, திருச்சி

! இல்லை. அது போலீஸ் தரப்பு. நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்வது அடுத்த கட்டம்; அதன் பிறகே சாட்சி விசாரணை. தங்கள் கட்சிக்காரர் என்றால் ‘பொய் வழக்கு’, எதிரணி என்றால் ‘சிக்கினார்’ என்று ஓடும் எழுத்தை விடுங்கள். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாள எண்) போட்டால், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.