ஹரால்ட் ஹார்ட்ராடா பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

1047ல இருந்து 1066 வரைக்கும் நார்வேயைத் தனியா ஆண்ட ஹரால்ட் சிகுர்ட்சன், கடைசி பெரிய வைக்கிங் ராஜான்னு சொல்வாங்களே, அவரைத்தான் பல வருஷமா படிச்சிட்டிருக்கேன்.

கேள்வி: அண்ணா, ராஜ குடும்பத்துப் பையன் எதுக்கு கான்ஸ்டான்டினோபிள் வரைக்கும் போய் சம்பளத்துக்குச் சண்டை போட்டாரு?

பதில்: வேற வழி இல்ல தம்பி. 1030ல ஸ்டிக்லஸ்டாட் சண்டையில அவரு அண்ணன் ஓலாஃப் செத்துட்டாரு (அம்மா ஒண்ணு, அப்பா வேற), இவருக்கு 15 வயசுதான், காயத்தோட தப்பிச்சு ஒளிஞ்சிருந்து கீவ்ல யாரோஸ்லாவ் ராஜாகிட்ட போய்ச் சேந்தாரு, அங்கிருந்து 1034 வாக்குல கான்ஸ்டான்டினோபிள்ல பைசாண்டியப் பேரரசரோட வரங்கியன் படை (வடக்கத்தி வீரர்கள் இருந்த கூலிப்படை), சிசிலி, பல்கேரியான்னு போயிட்டே இருந்தாரு. சம்பாதிச்சதை யாரோஸ்லாவ்கிட்ட அனுப்பி பத்திரமா சேத்து வெச்சாரு. பின்னாடி அவரு பொண்ணு எலிசவெட்டாவையே கட்டிக்கிட்டாரு. நாட்டுக்குத் திரும்பினப்ப அண்ணன் பையன் மாக்னஸ் பாதி ராஜ்யத்தை விட்டுக்கொடுத்ததுக்கு அந்தப் பணமும் ஒரு பெரிய காரணம்.

கேள்வி: இதெல்லாம் சாகா கதைதானே, நம்பலாமா?

பதில்: நல்ல கேள்வி. நாம இன்னிக்குப் படிக்கிற பெரிய சாகாக்கள் (வடநாட்டுப் பழைய வீரக்கதைகள்) எழுதினது 150 வருஷத்துக்கும் மேல கழிச்சு. ஆனா அதே நூற்றாண்டுல கெகௌமெனோஸ்னு ஒரு கிரேக்கர் "அரால்டெஸ்"னு இவரைப் பத்தி எழுதியிருக்காரு: 500 பேரோட வந்தாரு, சிசிலியிலயும் பல்கேரியாவிலயும் சண்டை போட்டாரு, பட்டம் கொடுத்தாங்கன்னு. அது நடுத்தரப் பட்டம்தான், சாகா சொல்ற மாதிரி மொத்தப் படைக்கும் தலைவன்னு இல்ல. எனக்கு இந்தச் சின்னக் குறிப்புதான் சாகாவை விட மதிப்பு.

கேள்வி: ஹார்ட்ராடான்னா என்ன சார்?

பதில்: கடுமையா ஆள்றவன்னு அர்த்தம், பின்னாடி வந்த பேரு. வரி கட்ட மறுத்த உப்லாந்து விவசாயிங்க பண்ணையை எரிச்சாரு, எதிர்த்து நின்ன ஐனார்ங்கிற பெரிய தலைவரைப் பேசக் கூப்பிட்டுக் கொன்னுட்டாரு, டென்மார்க்கைப் பிடிக்க 1064 வரைக்கும் சண்டை போட்டு கடைசியில ஒண்ணும் கிடைக்கல. அந்தச் செலவுக்குத்தான் காசுல வெள்ளியைக் குறைச்சுக்கிட்டே வந்தாருன்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: இவ்ளோ அனுபவம் இருந்தும் இங்கிலாந்துல எப்படி ப்ரோ தோத்தாரு?

பதில்: இதை நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கும். இங்கிலாந்து ராஜாவோட தம்பி டோஸ்டிக் கூடச் சேர, சுமார் 300 கப்பல்ல வந்து செப்டம்பர் 20 ஃபுல்ஃபோர்டுல ஜெயிச்சாச்சு, யார்க் நகரமும் பணிஞ்சிருச்சு. 25ஆம் தேதி பிணைக்கைதிகளை வாங்கிட்டு வரத்தான் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் போனாங்க, நல்ல வெயில், நிறைய பேரு இரும்புக் கவசத்தை ரிக்கால்ல கப்பல்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க, படையில ஒரு பகுதியும் கப்பல்கிட்டயே நின்னுடுச்சு. இங்கிலாந்து ராஜா ஹரால்ட் காட்வின்சன் தெற்குல இருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓடாத குறையா படையைக் கூட்டிட்டு வந்து நிப்பாருன்னு யாரு நினைச்சா? நம்ம ஹார்ட்ராடா அம்பு தொண்டையில பாஞ்சு செத்தாருன்னு சாகா சொல்லுது. திரும்பிப் போக சுமார் 24 கப்பலே போதுமா இருந்துச்சு.

கேள்வி: சமாதி இருக்கா?

பதில்: இல்லம்மா. ஒரு வருஷம் கழிச்சு உடலை நிடரோஸ், அதாவது இன்னிக்கு ட்ரான்ட்ஹெய்ம், கொண்டுபோய் அவரே கட்டின மரியா சர்ச்ல புதைச்சாங்க. அப்புறம் ஹெல்கெசெட்டர் மடத்துக்கு மாத்தினாங்க, இன்னிக்கு அந்த மடமும் இல்ல.