மகள் பெயரில் போலி இன்ஸ்டா கணக்கு: அம்மாப்பேட்டை சகோதரிக்கு

ஒன்பதாவது படிக்கும் மகளின் படத்தைப் போட்டு யாரோ போலி இன்ஸ்டாகிராம் கணக்கு நடத்துகிறார்கள், அதனால் அவள் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்க மாட்டாள்.

நான் சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காடு டூர் போனபோது, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் என் மகன் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தான். அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். வகுப்புக் குரூப்பில் இவன் ‘குட் மார்னிங்’ போட்டாலும் பதிலுக்கு அதுதான் வரும். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அப்புறம் பள்ளியில் கேட்டபோது காட்ட ஒன்றுமே இல்லை.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கணக்கின் பெயர், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு இன்ஸ்டாவில் ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுங்கள். பிள்ளைக்காகப் பெற்றோரே கொடுக்கலாம். பிரின்ட் எடுத்து வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். யார் மேலாவது சந்தேகம் இருந்தாலும், அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் சண்டை மட்டும் வேண்டாம், ஊர் முழுக்கப் பரவிவிடும். படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ல் எந்நேரமும் எடுப்பார்கள், மகளே பேசலாம்.

இப்போது பள்ளிக்குப் போகிறாளா?