மின்னி ஏப்ரம்ஸ் யார்? சிலி நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சுருக்கமாகச் சொன்னால், மின்னி இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி; சிலியின் 1909 எழுப்புதலுக்கான (சபையில் திடீரெனப் பொங்கும் பக்தி அலை) முதல் பொறி, புனே அருகிலுள்ள கேட்காவ் கிராமத்திலிருந்து இவர் அனுப்பிய ஒரு சிறுநூல். பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே இயக்கம் முழுவதும் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் பிறந்து உலகெங்கும் பரவியது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கண்ணியை விட்டுவிடுகிறார்கள்.

1859இல் விஸ்கான்சினில் பிறந்த மின்னி, மினசோட்டாவில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தார். சிகாகோவில் லூசி ரைடர் மேயர் தொடங்கிய மிஷனரிப் பயிற்சிப் பள்ளியில் படித்து, 1887இல் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் ஊழியராகப் பம்பாய் வந்தார். மராத்தி கற்றார். 1898இல் சமூக சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் அமெரிக்கா போனபோது, கேட்காவில் அவர் நடத்திய, பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்கள் நிறைந்திருந்த முக்தி மிஷனைப் பொறுப்பேற்று நடத்தினார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்.

பிரிட்டனின் வேல்ஸில் நடந்த எழுப்புதலின் செய்தி எட்டியதும், 1905 ஜனவரியில் ரமாபாய் ஜெபத்துக்கு ஆள் கேட்டார். எழுபது பேர் முன்வந்தார்கள். கூட்டம் மாதாமாதம் பெருகியது. ஜூன் கடைசியில் ஒருநாள், விடியுமுன் ஒரு மூத்த பெண் ஓடிவந்து மின்னியை எழுப்பினாள். தன்னோடு தங்கியிருந்தவள்மேல் நெருப்பு பற்றியிருப்பதைக் கண்டு வாளித் தண்ணீரோடு ஓடியதாகவும், ஊற்றப்போகும் நேரத்தில்தான் அது உடலை எரிக்கும் நெருப்பல்ல என்று தெரிந்ததாகவும் சொன்னாள். மின்னி இதை எழுதிவைத்திருக்கிறார். அசூசா கூட்டங்கள் தொடங்கியது 1906 ஏப்ரலில்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அவருடைய சிறுநூல் பரிசுத்த ஆவியாலும் அக்கினியாலும் பெறும் ஞானஸ்நானத்தைப் பற்றியது, 1906இல் வந்தது. இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: முதல் பதிப்பில் அந்நியபாஷையைப் பற்றி, அதாவது ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவதைப் பற்றி, ஒன்றும் இல்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த திருத்திய பதிப்பில்தான் அது இடம்பெற்றது. எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் அவருடைய உபதேசமே மாறிவிடும். அந்நியபாஷை வழக்கமாக வரும் அடையாளம், ஆனால் ஒவ்வொருவருக்கும் கட்டாயமல்ல என்பதே அவர் நிலைப்பாடு. அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகள் பல அப்போது அதைக் கட்டாயமாக்கிக்கொண்டிருந்தன. அவர் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதியதாக நான் மதிக்கிறேன்.

சிகாகோவில் அவரோடு படித்த மே ஹூவர், அப்போது சிலியின் வால்பரைசோவில் மெதடிஸ்ட் போதகர் வில்லிஸ் ஹூவரின் மனைவி. மின்னி அவருக்குச் சிறுநூலை அனுப்பினார். 1907இல் அதைப் படித்த தம்பதியர் சபையோடு ஜெபிக்கத் தொடங்கினார்கள். 1909இல் எழுப்புதல் வெடித்தது. மெதடிஸ்ட் தலைமை எதிர்த்தது. 1910இல் ஹூவர் விலகினார். அதிலிருந்து உருவான சிலி மெதடிஸ்ட் பெந்தெகொஸ்தே சபை மெதடிஸ்ட் வழக்கமான குழந்தை ஞானஸ்நானத்தை விடவில்லை, அந்நியபாஷையை ஒரே அடையாளமாக்கவும் இல்லை. இந்த இரண்டாவதில் மின்னியின் தடம் தெளிவாகவே தெரிகிறது.

1908இல் அமெரிக்கா சென்ற அவர், சுவிசேஷம் எட்டாத வடஇந்திய கிராமங்களுக்காகப் பெண்களைத் திரட்டி, பெசலெயேல் சுவிசேஷ மிஷனைத் தொடங்கினார். பெண்களே நடத்திய பெந்தெகொஸ்தே மிஷனரிச் சங்கம் அன்று அபூர்வம். 1910இல் அவர்களோடு இந்தியா திரும்பி, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் உஸ்கா பஜாரில் பணியாற்றும்போது மலேரியா கண்டு 1912 இறுதியில் இறந்தார். வயது 53.